சமநிலத்தில் நடுநிலை

தானா ராத்தா என்றால் மலாயில் சமநிலம். ஊரோ மலேசியாவின் கேமரன் மலையில், சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இப்படிப் பெயர் வைக்கத் தெரிந்த நாடு வெளியுறவுக் கொள்கைக்கு மட்டும் தடுமாறுமா?

1971 நவம்பர் 27: கோலாலம்பூரில் கூடிய ஐந்து ஆசியான் நாடுகள் தென்கிழக்காசியாவை அமைதி, சுதந்திரம், நடுநிலைமை நிலவும் வட்டாரமாக்குவோம் என்று அறிவித்தன. யோசனை மலேசியாவுடையது. அதே மாதம் 1ஆம் தேதிதான் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூரோடு மலேசியா சேர்ந்த ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாடு நடைமுறைக்கு வந்திருந்தது. முதல் தேதி யதார்த்தவாதம், மாதக் கடைசியில் தாராளவாதம். சம்பளக்காரன் வீட்டில் இது தலைகீழாக நடக்கும்.

ஆயுதக் கொட்டிலிலும் அதே நடுநிலை: அமெரிக்க ஹார்னெட், ரஷ்ய சுகோய், பிரெஞ்சு ஸ்கார்பீன் நீர்மூழ்கி. யார் மனமும் புண்படவில்லை, உதிரிபாகம் வாங்குகிற கணக்கரைத் தவிர.

கொழுந்து பறித்து ஓய்ந்த பெரியவர் ஒருவரிடம் ஒட்டுக்கடையில் அந்த ஐந்து நாட்டு ஏற்பாட்டைப் பற்றிச் சொன்னேன்.

“அடிச்சா அந்த நாலு பேரும் வந்துருவாங்களா தம்பி?”

“உடனே கலந்து பேசுவாங்க பெரியப்பா. ஏற்பாட்டுல அவ்வளவுதான் இருக்கு. அதுவும் தீபகற்பத்துக்குத்தான். சீனக் கப்பல் சுத்துற சரவாக் கடல் அதுல சேராது.”

தே தாரிக்கை ஓர் உறிஞ்சு உறிஞ்சினார்.

“பேச உக்காந்தா தேத்தண்ணி வேணுமே. அப்ப நம்ம தோட்டத்துக்கு ஆர்டர் உண்டு.”