அரை வரிக் காவலர்

பிரிட்டனில் ரயில் வேலைநிறுத்தம் என்றால் ஊரே முகம் சுளிக்கும். ஒரு வகை ஆசாமிக்கு மட்டும் முகம் மலரும். ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியாராக இருப்பார். இல்லாவிட்டாலும் தோரணை அதுதான். மடித்த பேப்பரும் சீவிய பென்சிலுமாக பிளாட்பாரத்தில் நிற்பார். பக்கத்தில் எவராவது அலுப்போடு, "மறுபடியும் 'விண்டர் ஆஃப் டிஸ்கன்டென்ட்'தான்" என்று சொல்லிவிட்டால் போதும்.

"மன்னிக்கணும். ஷேக்ஸ்பியர் சொன்னது அதற்கு நேர்மாறு."

உண்மைதான். 'மூன்றாம் ரிச்சர்டு' நாடகம் தொடங்குவதே அந்த வாக்கியத்தில்தான். யார்க் குடும்பத்துக்கு அரியணை கிடைத்தாயிற்று, மனக்குறையின் குளிர்காலம் போய்க் கோடை வந்தாயிற்று என்கிறான் ரிச்சர்டு. நல்ல சேதி! ஜனங்கள் பாதி வாக்கியத்திலேயே எழுந்து போய்விட்டார்கள். ஆனால், அதைச் சொல்கிற ரிச்சர்டே அந்தக் கோடையைப் பார்த்து உள்ளுக்குள் பொருமுகிறவன். அவன் மனசுக்கும் அந்த முதல் பாதிதான் நெருக்கம். இதை நம்மவரிடம் சொல்லிப் பார்க்காதீர்கள். தப்பித்தவறி ரயில் வந்தாலும் ஏற விடமாட்டார்.

அடுத்து 1978-79க்குப் போவார். சம்பள உயர்வு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றது அரசு. ஃபோர்டு தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து 17 வாங்கிக்கொண்டார்கள். பிறகு யார் சும்மா இருப்பார்கள்? லாரி நின்றது, லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் குப்பை குவிந்தது, லிவர்பூலில் சவக்குழி வெட்டுகிறவர்களும் மண்வெட்டியைக் கீழே வைத்தார்கள். அந்தக் குளிர்காலத்துக்கு ஷேக்ஸ்பியரின் பாதி வாக்கியமே பெயராக நிலைத்துவிட்டது. "'நெருக்கடியா? என்ன நெருக்கடி?' என்று பிரதமர் காலஹன் கேட்டாரே" என்று யாராவது எடுத்துக்கொடுத்தால் அவருக்கு அன்று தீபாவளி. காலஹன் அப்படிக் கேட்கவே இல்லை, அது 'சன்' பத்திரிகை போட்ட தலைப்பு. அதற்கும் ஒரு 'மன்னிக்கணும்' தயாராக இருக்கும்.

2022 ஜூனில்தான் மனுஷர் ஆடிப்போனார். ரயில்கள் நின்றது நல்ல வெயிலில். பத்திரிகைகள் கூசாமல் 'சம்மர் ஆஃப் டிஸ்கன்டென்ட்' என்று எழுதின. நாடகத்தில் கோடைதானே சுபம்! எந்தச் சொல்லை அடிப்பது, எதை வைப்பது? பென்சில் அந்தரத்திலேயே நின்றது.

பக்கத்தில் குழந்தையை இடுக்கிக்கொண்டு நின்ற பெண் கேட்டாள்: "ஏங்க, 'ரெயில் ரீப்ளேஸ்மென்ட் பஸ்' எங்கே நிற்கும்?"

அவருக்கு உயிர் வந்துவிட்டது.

"மன்னிக்கணும். தண்டவாளத்தையா மாற்றுகிறது அந்த பஸ்?"