முள் நடுவுக்கு வரட்டும்

பழைய புல்லட் வைத்திருப்பவனிடம் "வண்டி எப்படி ஓடுது?" என்று யாரும் கேட்பதில்லை. "இப்ப ஓடுதா?" என்றுதான் கேட்பார்கள். திருச்சியில் எங்கள் தெருவாசிகள் அதைக்கூடக் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் பழைய பெட்ஷீட் விரித்திருந்தால் ஓடவில்லை, விரிக்காவிட்டால் ஓடுகிறது. பெட்ஷீட் பெரும்பாலும் விரித்தே இருக்கும்.

வண்டி, 1980களில் திருவொற்றியூரில் செய்த 350 சிசி புல்லட். ஆர்.சி. புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த வடிவம் இது. நம் ராணுவத்துக்குப் பிடித்துப்போனதால், மெட்ராஸ் மோட்டார்ஸ் அந்த ஊர்க் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. கொஞ்ச காலத்தில் அந்த ஊர்க் கம்பெனி கடையைக் கட்டிவிட்டது. திருவொற்றியூரில் அந்தத் துக்கச் செய்தியை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அதே வரைபடத்தை வைத்துக்கொண்டு செய்துகொண்டே இருந்தார்கள். 1977இல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்யவும் ஆரம்பித்தார்கள்.

வடிவம் அதிகம் மாறாததால் ஒரு வசதி. எந்த வருஷத்துச் சாமானும் கொஞ்சம் தட்டினால் எந்த வருஷத்து வண்டியிலும் உட்கார்ந்துவிடும். எனக்கு முன்னால் இந்த வண்டியை வைத்திருந்தவர்கள் அந்த வசதியை மனசாரப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆர்.சி. புத்தகம் சொல்லும் வருஷத்தைச் சேர்ந்தது சேஸிஸ் நம்பர் மட்டும்தான் என்பது என் கணிப்பு. எஃப்.சி.க்குப் போனால் அந்த நம்பரைத்தான் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொள்கிறார்கள். மற்றதைப் பற்றி அவர்களும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

வண்டியைப் பிரிக்கப் பிரிக்க அந்த முன்னோர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஒருவருக்கு எம்-சீலில் அபார நம்பிக்கை. மரை போன இடத்திலெல்லாம் அதை அடைத்து ஸ்க்ரூவைச் சொருகி, ஆண்டவன் மேல் பாரத்தைப் போட்டிருந்தார். இன்னொருவர் சிக்கனக்காரர். கார்பரேட்டர் இன்ஜினோடு சேரும் இடத்தில் பேக்கிங் வாங்காமல் கல்யாணப் பத்திரிகையின் அட்டையை வெட்டி வைத்திருந்தார். 'திருவளர்ச்செல்வன்' வரைக்கும் இருந்தது. மாப்பிள்ளை பெயர் வரவேண்டிய இடத்தில் பெட்ரோல் போகிற ஓட்டை. அந்தக் கல்யாணம் எப்படிப் போகிறதோ தெரியாது. பேக்கிங் கசியவில்லை.

"இத ஒரு மெக்கானிக் கிட்ட விடக்கூடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. பாலக்கரையில் ஒரு பாய் இருக்கிறார். கைராசிக்காரர். அவரிடம் விட்டால் வண்டி நன்றாக ஓடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த வண்டி வாங்கியவனே பிரிப்பான் என்று நம்பிச் செய்யப்பட்டது. இப்போது வருகிற வண்டிகளில் எதையாவது திறந்தால் உள்ளே ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும், அதைத் திறந்தால் வாரண்டி போய்விடும். இதில் அப்படியில்லை. டேப்பட் பார்க்க வேண்டுமா? சிலிண்டரின் வலப்பக்கம் கீழே ஒரு சின்ன மூடி, அதற்கு ஒரே ஒரு நட்டு. கழற்றினால் புஷ்ராட் இரண்டும் கண்ணெதிரே நிற்கும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சியில் இருக்க வேண்டும். அப்போது ராடை இரண்டு விரலால் உருட்டினால் உருள வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு. ஃபீலர் கேஜ் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம், விரல் போதும். என் விரல் தடிமன் என்பதால் அந்த வேலை மகளுடையது. கிரீஸ் கையோடு அவள் ஹோம்வொர்க் எழுதி, கணக்கு நோட்டில் டீச்சர் சிவப்பு மையால் வட்டமிட்டது கணக்கை அல்ல, கட்டைவிரல் ரேகையை.

டைமிங் வைப்பது இன்னும் ருசியான வேலை. பாயிண்ட் இடைவெளி 0.35இலிருந்து 0.40 மில்லிமீட்டர். பிஸ்டன் உச்சியைத் தொட 0.8 மில்லிமீட்டர் பாக்கி இருக்கும்போது பாயிண்ட் திறக்க வேண்டும். பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று பார்க்க பிளக் ஓட்டை வழியே ஒரு சைக்கிள் ஸ்போக்கை விடுவேன். பாயிண்ட் எப்போது திறக்கிறது என்று பார்க்க அதன் நடுவில் சிகரெட் தாளை வைத்து லேசாக இழுத்துப் பிடிக்க வேண்டும். தாள் எந்த நொடியில் வழுக்கிக்கொண்டு கைக்கு வருகிறதோ அந்த நொடியில் பாயிண்ட் திறந்தது.

எனக்குப் புகைப் பழக்கம் கிடையாது. சிகரெட் தாளுக்கு சிகரெட்தான் வாங்கியாக வேண்டும். தெருமுனைப் பெட்டிக்கடையில் ஒன்று வாங்கி, அங்கேயே நின்று புகையிலையைப் பிரித்துச் சாக்கடையில் கொட்டிவிட்டுத் தாளை மட்டும் சட்டைப் பையில் பத்திரப்படுத்தியதை மாடி வீட்டு மாமா பார்த்துவிட்டார். வெறும் சிகரெட் என்றால் சும்மா இருந்திருப்பார். புகையிலையை எடுத்துவிட்டு வேறு எதையோ அடைத்து இழுக்கிறவன் என்று அவர் முடிவுக்கு வந்ததில் நியாயம் இருக்கிறது. சாயங்காலம் என் மனைவியிடம் "அவன் நல்ல பையன்தாம்மா, சேர்க்கை சரியில்ல" என்றிருக்கிறார். அவள் போர்ட்டிகோ பக்கம் கையைக் காட்டி, "அதோ நிக்குதே மாமா, அதான் சேர்க்கை" என்றாளாம்.

டைமிங் சரியாக இருக்கிறதா என்பதற்குத் தேர்வு, உதை. சாவியைப் போட்டு கிக்கரை மெல்ல அழுத்தினால், பாயிண்ட் மூடியிருக்கும்வரை ஆம்ப் மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும். திறந்ததும் நடுவுக்கு வரும். பிஸ்டன் உச்சிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது இடக்கையால் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, பிஸ்டனைக் கொஞ்சம் தாண்டவிட்டு, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே உதை. அவசரத்தில் கிளம்பும் எவனாலும் இதைச் செய்ய முடியாது. முள் நடுவுக்கு வருவதற்கு முன்னாலேயே உதைத்தால் வண்டி திருப்பி உதைக்கும். கெண்டைக்காலைத் தடவிக்கொண்டே ஆட்டோ பிடிக்க வேண்டியதுதான். மச்சான் ஒருமுறை "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று ஏறி உதைத்தார். அதன் பிறகு அந்தக் காலைச் சம்மணம் போட்டு உட்கார வைக்கச் சில நாள் ஆயிற்று. நொண்டிக்கொண்டே இரண்டாம் முறை ஸ்டார்ட் செய்தும்விட்டார். ஆனால் இதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. தெருமுனையில் மாடு குறுக்கே வந்ததும் அவர் வழக்கப்படி வலது காலை அழுத்த, வண்டி கியர் மாறி மாட்டை நோக்கி மரியாதையாக நகர்ந்தது. மாடு விவரமானது, விலகிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் வண்டியை இரவல் கேட்பவர் யாருமில்லை.

ஸ்பேனர் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வண்டியில் பாதி நட்டுகள் இங்கிலாந்து அளவு. மீதி, முன்னோர்கள் போட்ட மெட்ரிக். ஆகவே எனக்கு இரண்டு செட். இங்கிலாந்து ஸ்பேனரில் 1/4 என்று பொறித்திருக்கும்; வாயை அளந்தால் அரை இஞ்சுக்கும் மேலே இருக்கும். காரணம், அந்த எண் ஸ்பேனர் கவ்வும் நட்டின் அகலமே அல்ல, உள்ளே நுழையும் போல்ட்டின் குறுக்களவு. கையில் பிடிபடுவதை விட்டுவிட்டுக் கண்ணுக்குத் தெரியாததை அளந்து எழுதிய ஜனங்கள் நம்மை எப்படி ஆண்டார்கள் என்று போர்ட்டிகோவில் உட்கார்ந்து பலமுறை யோசித்திருக்கிறேன். பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர் அந்த நட்டில் ஏறாது. பதினாலு ஏறும், ஏறி வழுக்கி முட்டியைப் பெயர்க்கும்.

ஆயில் ஒழுகுவதைப் பற்றிச் சொல்லாமல் புல்லட்டைப் பற்றி எழுதியதாகக் கணக்கில் வராது. இதற்குத் தனியாக ஆயில் டேங்க் வெளியில் இல்லை. கிராங்க் கேஸின் பின்பக்கமே டேங்க். வண்டியைப் பல நாள் எடுக்காமல் நிறுத்தினால் டேங்க் ஆயில் மெல்ல கிராங்க் பக்கம் இறங்கிவிடும். அப்புறம் ஸ்டார்ட் செய்தால் சைலன்சரில் வெள்ளைப் புகை. தெருவில் கொசு மருந்து அடிக்கிறார்கள் என்று குழந்தைகள் ஓடி வரும். மற்ற நாட்களில் சொட்டு மட்டும்தான். வாசலில் என் மனைவி விடியற்காலையில் புள்ளி வைத்துக் கோலம் போடுவாள். போர்ட்டிகோவில் வண்டி இரவே கறுப்புப் புள்ளி வைத்து முடித்திருக்கும். அவள் புள்ளியை எண்ணி வைப்பவள் என்பதால் இதையும் எண்ணுவாள். "இன்னிக்கு ஏழு. நேத்து அஞ்சுதான்" என்று காபியோடு அறிக்கை வரும். சொட்டுவது நின்றுவிட்டால் சந்தோஷப்படக் கூடாது. உள்ளே ஆயில் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

சந்தேகம் வந்தால் பாய்க்கு ஃபோன் போடுவேன். "ஃபோன சைலன்சர் கிட்ட வைங்க சார்." வைப்பேன். "இப்ப டேப்பட் கிட்ட." அதற்கும் வைப்பேன். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு, "வண்டி சரியாத்தான் சார் இருக்கு. நீங்க எதுக்கு அத தொட்டீங்க?" என்பார்.

இத்தனைக்கும் இது ஊர் சுற்றுவதற்காக வாங்கிய வண்டி. அப்படியும் போவோம். கொல்லிமலைக்குப் போனோம், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. கிளம்பும் முந்தின இரவு பக்கவாட்டுப் பைகளை நிரப்புவதில் தகராறு. கிளட்ச் ஒயர், ஆக்சிலேட்டர் ஒயர், பிளக், பாயிண்ட், கண்டென்சர், டியூப், அரை லிட்டர் ஆயில், பனியன் வேஸ்ட், இரண்டு செட் ஸ்பேனர் எல்லாம் வைத்தபிறகு துணிக்கு இடமில்லை. "ரெண்டு புடவைதாங்க." "ரெண்டு புடவை இடத்துல ஒரு செயின் வைக்கலாம்." கடைசியில் ஒரு புடவை வந்தது. அது ஆயில் டப்பாவுக்குப் பக்கத்தில் வந்தது என்பதை மேலே போய்த்தான் பார்த்தாள்.

மலையில் வண்டி ஒரு குறையும் வைக்கவில்லை. வளைவுக்கு வளைவு இரண்டாவது கியரில் முக்காமல் ஏறியது. எங்களைத் தாண்டிப் போன இளைஞர் கூட்டத்தில் ஒரு புது வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. மீட்டரில் ஏதோ மஞ்சள் விளக்கு எரிய, நாலு பேர் சுற்றி நின்று அதைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கடமை உணர்ச்சியோடு இறங்கி ஸ்பேனர் பையை விரித்தேன். அந்த வண்டியில் நட்டு என்று எதுவும் வெளியே தெரியவில்லை. எல்லாம் ஆலன் போல்ட். என்னிடம் இரண்டு தேசத்து ஸ்பேனர் இருந்தது. ஆலன் கீ இல்லை. ஒரு பையன் சாவியை அணைத்துத் திரும்பப் போட்டான், வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. "தேங்க்ஸ் அங்கிள்" என்று போய்விட்டார்கள்.

செம்மேட்டில் டீக்கடை வாசலில் நிறுத்தினோம். மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் வந்து வண்டியை இரண்டு சுற்று சுற்றினார். குனிந்து டேப்பட் மூடியைப் பார்த்தார், கிளட்ச் கவரைத் தட்டினார். பழைய புல்லட்காரன் டீக்கடையில் நின்றால் இது வரும். இதற்கு நான் ஒரு பெருந்தன்மையான சிரிப்பு வைத்திருக்கிறேன்.

"குடுக்கற மாதிரி இருக்குதுங்களா?" என்றார்.

சிரிப்பை எடுப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. "எவ்வளவு தருவீங்க?"

அவர் ஒரு தொகை சொன்னார். என் மனைவி டீ கிளாசைக் கீழே வைத்தாள். "அண்ணே, பாயிண்ட் புதுசு. டைமிங் இப்பதான் வெச்சது. டேப்பட்ட எங்க பொண்ணு கையால உருட்டிப் பாத்திருக்கா. ராத்திரிக்கு அஞ்சு சொட்டுதான் ஒழுகும், நான் எண்ணியிருக்கேன். பாத்துச் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஆம்ப் மீட்டரைப் பார்த்தேன். ஐயாயிரம் ஏற்றிச் சொன்னார்.

"அந்த ஸ்பேனர் பையும் சேத்தா?" என்று கேட்டாள்.