‘கொரோனா போர்வீரர்’ பட்டத்துக்கு ஒரு நன்றிக் கடிதம்

அஜின்கோர்ட், டொரொண்டோ.

மும்பையில் வீற்றிருந்து பாரத தேசத்தாரின் ஆரோக்கியத்தைப் பரிபாலித்து வரும் மருந்துக் கம்பெனியின் மனிதவளத் துறைத் தலைவர் அவர்கள் சமூகத்துக்கு,

மதுரையில் தங்கள் கம்பெனியின் மெடிக்கல் ரெப்பாக உத்தியோகம் பார்க்கும் என் தமக்கை மகனின் சார்பில், அவனுடைய தாய்மாமன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. பெருந்தொற்றுக் காலத்தில் அவன் ஆற்றிய சேவையைச் சிலாகித்து, அவ்வருஷத்து இன்சென்டிவுக்குப் பதிலாகத் தாங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ‘கொரோனா போர்வீரர்’ சான்றிதழை அண்மையில்தான் எனக்குக் காட்டினான். நன்றி தெரிவிக்க அவனுக்கு இன்னும் சாவகாசம் கிட்டவில்லை. எப்போதும் விற்பனைக் கணக்கு முடிக்கும் குளோசிங் நேரம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனாகிய எனக்குச் சாவகாசம் நிறைய உண்டு.

2020 மார்ச் 24 இரவு பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, நள்ளிரவு முதல் யாரும் வாசலைத் தாண்டலாகாது என்று அறிவித்தபோது, மருந்து அத்தியாவசியப் பண்டமென்று விலக்குப் பெற்றதையும், அந்த விலக்கு மருந்துப் புட்டியோடு நில்லாமல் அதைப் பற்றிப் பேசுகிறவனுடைய நாவுக்கும் பொருந்தும் என்று தாங்கள் வியாக்கியானம் செய்ததையும் நான் வியந்து போற்றுகிறேன். டாக்டர்கள் கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டிருந்த வேளையில் வைட்டமின் மாத்திரையின் மகிமையை வீடியோவில் எடுத்துரைக்கச் சொன்னீர்கள். அவர்கள் போனை எடுக்காதது ரெப்பின் சிரத்தைக் குறைவாயிற்று. ஊரடங்கு சற்றே தளர்ந்ததும் நேரில் போகச் சொன்னீர்கள். டாக்டரைப் பார்த்ததற்கு அத்தாட்சி டாக்டர் அல்ல, செல்போன் நிற்கும் இடமே என்பது தங்கள் செயலியின் சித்தாந்தமாகையால், கே.கே. நகரில் பூட்டிக் கிடந்த கிளினிக்கின் ஷட்டருக்கு எதிரே, பையைப் பெட்ரோல் டாங்கின் மேல் வைத்துக்கொண்டு, பொத்தானை அமுக்கி டி.சி.ஆர். எனும் அன்றாடச் சந்திப்பு அறிக்கையைப் போட்டுவிட்டு, அடுத்த ஷட்டரைத் தேடிப் போனான் எங்கள் பையன். மதுரையிலிருந்து தேனிக்குப் போக ஆகஸ்டு முடிய இ-பாஸ் வேண்டியிருந்தது. தேனியின் டார்கெட்டுக்கு மட்டும் பாஸ் தேவைப்படவில்லை. அது மாதந்தோறும் தங்குதடையின்றி வந்து சேர்ந்தது.

சம்பளத்தைப் பிடிக்கலாகாது என்று மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம் இட்ட உத்தரவு மே 18 முதல் இல்லாமற்போயிற்று. அதுவரை தாயினும் பரிந்த பாஷையில் சுற்றறிக்கை எழுதிவந்த தங்கள் ஆபீஸ், ஜூனில், சம்பளத்தில் ஒரு பகுதியைச் ‘சுயவிருப்பத்தின் பேரில்’ விட்டுக்கொடுக்கும் படிவத்தை அனுப்பியது. விருப்பமில்லை என்று குறிக்க அதில் கட்டமே இல்லாதது அச்சுப்பிழை என்றே நம்புகிறேன்.

ஆயினும் பட்டத்தைத் தேர்ந்த புத்தி நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும். தொழில் தகராறு சட்டத்தின் வரையறையை மட்டும் வைத்துப் பார்த்தால் மெடிக்கல் ரெப் தொழிலாளி ஆகமாட்டார் என்று 1994இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது; விற்பனை மேம்பாட்டு ஊழியர்களுக்கென்று 1976இல் வந்த தனிச் சட்டமே அப்போது அவருக்குப் புகலிடமாயிருந்தது. 2021 ஜனவரியில் தடுப்பூசி போடத் தொடங்கியபோது, சுகாதாரப் பணியாளர், போலீஸ், நகராட்சித் துப்புரவுப் பணியாளர் என்று நீண்ட மத்திய அரசின் முதல் வரிசையிலும் அவர் பெயர் இல்லை. இப்படி எந்த ஏட்டிலும் அடங்காதவரைப் போர்வீரர் என்று அழைத்துவிட்டால் செலவும் இல்லை, ஓவர்டைமும் இல்லை.

சொர்க்கலோகத்திலிருந்து நான் உபதேசிப்பதாக எண்ண வேண்டாம். இருந்த இரண்டு நாள் சம்பளத்தோடு கூடிய விடுப்பை 2019 பிறந்ததும் எடுத்துவிட்ட ஒன்ராறியோ அரசாங்கம், மூன்றாம் அலை தலைக்கு மேல் போன பிற்பாடு, 2021 ஏப்ரலில்தான் மூன்று நாளுக்கு மனமிரங்கிற்று. ஸ்கார்பரோவில் நம்மவர் பலர் இருமலை விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். நான் வசிக்கும் அஜின்கோர்ட்டுக்கு 1858இல் தபாலாபீஸ் கேட்ட ஜான் ஹில்லிடம், பிரெஞ்சுப் பெயர் வைத்தால்தான் ஆகும் என்று மேலிடம் சொல்ல, அவர் 1415இல் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயரிடம் தோற்ற போர்க்களத்தின் பெயரைச் சூட்டினாராம். உத்தரவுக்குக் கீழ்ப்படிவதில் எங்கள் ஊர்ச் சம்பிரதாயம் அத்தகையது. அதே பணிவோடு ஒரு விண்ணப்பம்.

மேற்படி 1976 சட்டத்தின்படி, சேவைக்காலத்தில் பதினெட்டில் ஒரு பங்குக்குக் குறையாமல், டாக்டர் சான்றிதழின் பேரில் அரைச் சம்பள விடுப்பு அப்போது இருந்தது. தொற்றில் விழுந்த பையன் அதைக் கேட்டபோது, சான்றிதழில் டாக்டரின் கையொப்பம் இல்லை என்று திருப்பி அனுப்பினீர்கள். கையொப்பமிட வேண்டிய டாக்டர் அப்போது அடுத்த கட்டிலில் ஆக்சிஜனோடு படுத்திருந்தார். பகவான் கிருபையால் அவர் பிழைத்துக்கொண்டார். கையொப்பம் வாங்கி இத்துடன் இணைத்திருக்கிறேன். பாக்கியை அவனுடைய வங்கிக் கணக்கிலேயே செலுத்திவிடலாம். இன்னொரு சான்றிதழ் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் போர்வீரனின் தாய்மாமன்