மெய்நிகர் கணினியின் சாவு: ஓர் ஆராய்ச்சி

மெய்நிகர் கணினி என்பது, உண்மையான கணினி ஒன்றின் செயலியிலும் நினைவகத்திலும் வட்டிலும் தனக்கென ஒரு பங்கைப் பெற்று, தானே ஒரு முழுக் கணினி என்ற நினைப்பில் இயங்கும் மென்பொருள் உரு ஆகும். லினக்ஸில் இத்தகையவற்றை ஆள, 2005இல் ரெட் ஹாட் நிறுவனத்தார் தொடங்கிய லிப்விர்ட் நிரலகமும், அதனுடன் வரும் விர்ஷ் என்னும் கட்டளைவரிக் கருவியும் பெரிதும் பயன்படுகின்றன. விர்ஷின் ஆட்சியில் ஒரு மெய்நிகர் கணினி எப்போது இறந்ததாகக் கொள்ளப்படும் என்பதே இங்கு ஆராயப்படும் வினா. இதனால் உலகுக்கு யாதொரு பயனும் இல்லை எனினும், நள்ளிரவில் கருப்புத் திரைமுன் அமர்ந்திருப்போர்க்கு இதைவிட முக்கியமான வினா வேறில்லை.

‘விர்ஷ் லிஸ்ட்’ என்னும் கட்டளை இயக்கத்தில் உள்ளவற்றை மட்டுமே காட்டும் என்பதறியாத புதியோர், வெற்றுப் பட்டியலைக் கண்டதும் துக்கம் காக்கத் தொடங்குவர். ‘--ஆல்’ சேர்த்துக் கேட்டால் அணைந்து கிடப்பவையும் வந்து நிற்குமாதலின், காணாமை சாவுக்குச் சான்றாகாது.

‘ஷட்டவுன்’ கட்டளையோ ஒரு விண்ணப்பமே. அது வழக்கமாக, மின்பொத்தான் அழுத்தப்பட்டது என்ற ஏசிபிஐ குறிப்பை உள்ளிருக்கும் இயங்குதளத்துக்கு அனுப்பிவிட்டு, கணினி அணைக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று உடனே அறிவித்துவிடும். இயங்குதளம் அக்குறிப்பைப் பொருட்படுத்தாவிடின், அந்த அறிவிப்பு திரையில் இருக்க, கணினியும் இருந்துகொண்டே இருக்கும்.

பெயரைக் கேட்டே பலர் கைநடுங்கும் ‘டெஸ்ட்ராய்’ உண்மையில் மின்கம்பியைப் பிடுங்குவதற்கு நிகரானது. வட்டில் எழுதப்படாத தரவு போகும் என்பது மெய்யே. ஆயினும் வட்டுக் கோப்பும், கணினியின் இலக்கணத்தைக் கூறும் எக்ஸ்எம்எல் கோப்பும் அப்படியே இருத்தலின், ‘ஸ்டார்ட்’ எனச் சொன்னதும் அது எழுந்துவிடும். ‘கிரியேட்’ கட்டளையால் பிறந்த நிலையற்ற கணினிகள் மட்டும் இதற்கு விலக்கு. பதிவு வைக்கப்படாத அவை, நின்ற கணமே பட்டியலிலிருந்தும் மறையும். ‘டெஸ்ட்ராய்’ கட்டளைக்கு ‘--கிரேஸ்ஃபுல்’ என்றொரு சேர்க்கையும் உண்டு. எளிதில் நிற்க மறுக்கும் கணினியை வலிந்து கொல்லாமல், முடியவில்லை என்று பிழை கூறி விலகிக்கொள்ளும் இந்த நாகரிகம் வேறெந்த அழிவுத் துறையிலும் கண்டதில்லை.

ஆராய்ச்சியாளரை உண்மையில் திணறச் செய்வது, சாதுவாகத் தோன்றும் ‘அன்டிஃபைன்’ ஆகும். ஓடிக்கொண்டிருக்கும் கணினிமேல் இதை ஏவினால் அது நிற்பதில்லை. பதிவு மட்டும் நீங்க, குடும்ப அட்டையில் பெயர் அடிக்கப்பட்டவர் வழக்கம்போல் டீக்கடைக்குப் போய்வருவதுபோல் வேலையைத் தொடர்ந்து, என்றோ ஒருநாள் அணையும்போதுதான் மறைகிறது. ‘--ரிமூவ்-ஆல்-ஸ்டோரேஜ்’ சேர்த்தால் லிப்விர்ட்டின் நிர்வாகத்திலுள்ள வட்டுகளும் நீங்குமாதலின் அதையே மெய்யான சாவு எனல் வேண்டும். ஆனால் அதற்குக் கணினி முன்னதாகவே நின்றிருக்க வேண்டும் என்பது விதி. யூஇஎஃப்ஐ வகைக் கணினியாயின், அதன் துவக்க அமைப்புகளைச் சுமக்கும் என்வி-ரேம் கோப்பை வைப்பதா நீக்குவதா என்று சொல்லாதவரை, விர்ஷ் பதிவை நீக்கவே மறுத்துவிடும்.