விசா இல்லாத ஐரோப்பா

முதல் ஐரோப்பியப் பயணத்துக்காக வங்கிக் கணக்கைத் தூக்கிக்கொண்டு விசா வாசலில் வாடும் தம்பிமாருக்கு ஒரு நற்செய்தி. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், உங்கள் வசதிக்காகவே நம் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டிவிட்டார்கள். என்ன தொலைநோக்கு!

காலையில் ஆம்ஸ்டர்டாமில், அதாவது காரைநகரில், ஒரு பிளேன்ரீ. 'பாதை' என்னும் மிதவைப் படகில் ஏறி ஊர்காவற்றுறையில் இறங்கினால் லைடன். பஸ் பாலத்தைத் தாண்டினால் மிடில்பர்க் எனும் புங்குடுதீவு. அங்கே குறிகட்டுவான் துறையில் படகேறினால் ஹார்லம், அதாவது நயினாதீவு. நயினை அம்மன் கோயிலில் அன்னதானமும் உண்டு. அசல் ஹார்லமில் யார் சோறு போடுகிறார்கள்? மறுபடி குறிகட்டுவான் வந்து, ஒரு மணி நேரம் அலையில் குலுங்கினால் டெல்ஃப்ட் எனும் நெடுந்தீவு: இடிந்த கோட்டை, கட்டாக்காலிக் குதிரைகள், சாந்து பூசாமல் அடுக்கிய பவளக்கல் வேலிகள், பெருக்கு மரம். வாந்திக்குத் தனிக் கட்டணம் இல்லை.

திரும்பும் வழியில் மிடில்பர்க்வாசிகளோடு ஒரு படம் எடுக்கலாமென்று படலையைத் தட்டுவீர்கள். வீட்டுக்கு வீடு பூட்டுத் தொங்கும். மதிலோரம் நிற்கும் பெரியவர் சொல்வார்: "ஆக்கள் இல்லைத் தம்பி. எல்லாரும் ஐரோப்பா போயிட்டினம்."