பன்னிரண்டு பேர், ஆஜர் எட்டு!

மெல்போர்னில் படிக்கும் என் மகன், செமஸ்டர் லீவில் நண்பர்களோடு காரில் 'கிரேட் ஓஷன் ரோடு' சுற்றி, கடலோரம் நிற்கும் 'பன்னிரண்டு அப்போஸ்தலர்' பாறைகளைப் பார்த்தானாம். படிக்கப் போன பிள்ளைக்கு இது தேவையா?
— வாசகர், திண்டுக்கல்

பேரு பன்னிரண்டு, நிற்பது எட்டு. ஒன்று 2005-ல் சரிந்தது. மீதி மூன்று ஆரம்பத்திலிருந்தே ஆப்சென்ட். பையனுக்கு வகுப்பில் இருப்பது போலவே இருந்திருக்கும்!

சாலையை மட்டும் லேசாக நினைக்காதீர்கள். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள், மாண்டுபோன தோழர்களின் நினைவாக 1919 முதல் 1932 வரை மலையோரத்தைக் கையால் வெட்டிப் போட்டது. சுமார் 240 கி.மீ. நீளும் நினைவுச் சின்னம்.

போனதை விடுங்கள். பெட்ரோல் காசை எத்தனை பேர் பங்கு போட்டார்கள் என்று கேளுங்கள்!