படுக்காத பாவியின் விண்ணப்பம்

மூத்த குடிமக்களின் காவல் தெய்வமாகிய மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தாரின் சமூகத்துக்கு,

சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் மூன்றுக்கும் வாங்கிய மாத்திரை பில்களைத் தேதிவாரியாக அடுக்கி, கிளிப் போட்டு, உங்கள் கிளை அலுவலகத்தில் நீட்டினேன். கவுன்ட்டர் தம்பி புரட்டிப் பார்த்துவிட்டு, கூடமே கேட்கும்படி, "தாத்தா, நீங்க படுக்கவே இல்லையே!" என்றார். பின்னால் நின்றவர் இருமுவதுபோல் சிரித்தார்.

உண்மைதான், படுக்கவில்லை. 24 மணி நேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவனுக்கே உங்கள் அருள். கிடந்து எழுந்தால் முந்தைய 30 நாள், பிந்தைய 60 நாள் மருந்துக்கும் கருணை உண்டு. என் டாக்டரோ, "அட்மிஷன் வேண்டாம், மாத்திரையிலேயே பார்த்துக்கலாம்" என்று சொல்லி என் குடியைக் கெடுத்துவிட்டார். மாத்திரையைப் போட்டுவிட்டு வீட்டில் படுக்கத்தான் செய்கிறேன். அந்தக் கட்டில் கணக்கில் வராதா?

2024 அக்டோபரில் மத்திய அரசு 70 வயது நிரம்பியவர்களுக்கு 5 லட்ச ரூபாய் அட்டை கொண்டுவந்ததே, அதற்கும் படுக்க வேண்டுமாம். தேசியக் கொள்கை போலும்.

பிரீமியம் மட்டும் ஒரு நாளும் படுப்பதில்லை. முதியோருக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் தன்னைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ சொன்னது. தாங்கள் சொல் பேச்சு கேட்கும் பிள்ளை; பத்துக்கு மேல் ஒரு பைசா ஏற்றவில்லை. வருஷா வருஷம் பத்து என்றால் எட்டே வருஷத்தில் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும், அவ்வளவுதானே! அதே 2025 செப்டம்பரில் பிரீமியத்தின் மீதிருந்த 18 சதவீத ஜிஎஸ்டியை எடுத்தார்கள். அப்பாடா என்று சாய்ந்தேன். புதுப்பிப்பு நோட்டீஸ் வந்து எழுப்பிவிட்டது.

இன்னொரு வேடிக்கை. வருமான வரியின் பழைய முறையில், காப்பீடே இல்லாத மூத்த குடிமகன் மருத்துவச் செலவை 50,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். பாலிசி எடுத்தவனுக்கு பிரீமியம்தான் கழியும், மாத்திரை கழியாது. ஆக, நீங்களும் தரமாட்டீர்கள்; உங்களை நம்பிய பாவத்துக்கு வரிக்காரரும் தரமாட்டார்.

என்னய்யா நியாயம் இது? வேளை தவறாமல் மாத்திரை போடுவதால்தானே நான் ஐசியூவில் கிடக்கவில்லை? உங்கள் பணத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தவனையா நாலு பேர் முன்னால் விரட்டுவது? பென்ஷனில் மாத்திரைக்குப் போக மீதியில்தான் அரிசி வாங்குகிறோம், தெரியுமா?

மன்னிக்கவும், பிரஷர் ஏறிவிட்டது. அதற்கு மாத்திரை இருக்கிறது. பில்லை அனுப்பமாட்டேன், பயப்பட வேண்டாம்.

வெளிநோயாளிகளுக்கென்று தனி ரைடர் உண்டென்று தம்பி சொன்னார். தனி பிரீமியமாம், தனி உச்சவரம்பாம். உச்சவரம்பு பிரீமியத்தைவிட எவ்வளவு அதிகம் என்பதை மட்டும் தயவுசெய்து கொட்டை எழுத்தில் எழுதி அனுப்புங்கள். பாலிசியின் பொடி எழுத்தைப் படிக்க வாங்கிய கண்ணாடிக்கும் நீங்கள் பணம் தருவதில்லை.

இப்படிக்கு,
இன்னும் நின்றுகொண்டிருக்கும் பாலிசிதாரர்